மோட்டார் ஏன் கொதிக்கிறது? நீச்சல் குளப் பம்பைப் படிப்படியாகச் சோதிக்கும் முறை

சித்திரை, வைகாசியில்தான் நீச்சல் குளத்தில் கூட்டம் சேரும். தண்ணீரைத் தெளிவாக வைக்கப் பம்பு கூடுதல் நேரம் ஓடுவதும், பம்பு அறை அனலாய்த் தகிப்பதும் அதே மாதங்களில்தான். அப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு புகார் தவறாமல் வரும்: “பம்பு கொஞ்ச நேரம் ஓடுது, தானா நின்னுடுது, அரை மணி கழிச்சுத் தானா ஓடுது.” உடனே ஒருவர் டேபிள் ஃபேனை மோட்டார் பக்கம் திருப்பி வைப்பார். இன்னொருவர் பெரிய எம்.சி.பி. மாற்றச் சொல்வார். கடைசியில் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு அனுப்புவார்கள். இந்த மூன்றிலும் காரணத்தைத் தேடும் வேலை நடக்கவே இல்லை. எரிந்த காயிலை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றினால் மோட்டார் ஓடும். ஆனால் எரித்த காரணம் அப்படியே இருந்தால் புதுக் காயிலும் எரியும்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. செலவில்லாத, எதையும் கழற்றத் தேவையில்லாத சோதனைகள் முதலில். கழற்றிப் பார்ப்பவை கடைசியில். கேட்டட் கம்யூனிட்டி, ஹோட்டல் குளங்களில் பரவலாக இருக்கும் 1.5 ஹெச்.பி. சிங்கிள் பேஸ் பம்பையும், அதனோடு சாண்ட் ஃபில்டரையும் மனத்தில் வைத்து இந்த வரிசையைச் சொல்கிறேன். த்ரீ பேஸ் மோட்டாருக்கு மாறுபடும் இடத்தைத் தனியே குறிப்பிடுகிறேன்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது

1.5 ஹெச்.பி. என்றால் ஷாஃப்ட்டில் கிடைக்கும் வேலை சுமார் 1.1 கிலோவாட். மோட்டாரின் திறன் 75 சதவீதம் என்று கொண்டால், அது இழுப்பது ஏறக்குறைய 1.47 கிலோவாட். இடையில் உள்ள 370 வாட்டும் மோட்டாருக்குள்ளேயே வெப்பமாகிறது. அதாவது நல்ல நிலையில் உள்ள மோட்டார்கூட, 750 வாட் இஸ்திரிப் பெட்டியில் பாதியளவு வெப்பத்தை இடைவிடாமல் வெளியே தள்ளியாக வேண்டும். ஆகவே அளவு மீறிய சூட்டுக்கு நான்கு வழிகள்தான் இருக்கின்றன: வரும் மின்சாரம் சரியில்லை, பம்பு தரும் சுமை அதிகம், உள்ளே ஏதோ உரசுகிறது, உண்டான வெப்பம் வெளியேறவில்லை. கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த நான்கில் எது என்று பிரித்தறிவதற்காகத்தான்.

எது சூடு, எது அதிகச் சூடு

கை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 60 டிகிரி செல்சியஸ் உலோகத்தில் யாராலும் சில நொடிக்கு மேல் கை வைக்க முடியாது. மோட்டார் கூடு அந்தச் சூட்டில் இருப்பது பெரும்பாலும் இயல்பானதே. நேம் பிளேட்டில் காப்பு வகுப்பு எழுதியிருக்கும். பி வகுப்புக் காயில் 130 டிகிரி வரை தாங்கும், எஃப் வகுப்பு 155, ஹெச் வகுப்பு 180. இந்த எல்லைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காப்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மோட்டார் துறையில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. சுற்றுப்புறம் 40 டிகிரிக்கு மேல் போகாது என்று எண்ணியே பொதுவாக மோட்டாரை வடிவமைக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கத்திரி வெயிலில் மூடிய பம்பு அறை அந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும்.

இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் மோட்டாரின் முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடங்களில் அளந்து எழுதுங்கள். பளபளப்பான அலுமினியத்தில் அந்தக் கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் அதிகம் என்றால் காயில் அல்லது மின்சாரம். முன்பக்கம் என்றால் பம்பு, சீல், முன் பேரிங். பின்பக்கம் என்றால் பின் பேரிங் அல்லது விசிறி. முதல் சந்தேகத்துக்கு இது போதும்.

தொடங்கும் முன்: உயிர் முக்கியம்

குளத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. சோதனை முடியும் வரை யாரும் இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எதையும் கழற்றும் முன் மெயினை அணைத்து, பூட்டி, “வேலை நடக்கிறது” என்று பலகை மாட்டுங்கள். டைமர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். சூட்டால் நின்ற மோட்டார் ஆறியதும் தானாகவே ஓடத் தொடங்கும். நின்றுவிட்டதே என்று நம்பி விசிறியில் கை வைத்தவர் விரல் போகும். பம்பு சர்க்யூட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா, எர்த் கம்பி மோட்டார் கூட்டில் இறுக்கமாக இருக்கிறதா என்பவற்றை முதலில் பாருங்கள். மின்சாரம் உள்ள நிலையில் அளக்கும் படிகளை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

படி 1: எது நிறுத்தியது என்று பாருங்கள்

மோட்டார் நின்றதும் பேனலுக்குப் போங்கள். எம்.சி.பி. சுவிட்ச் போட்டவுடனே விழுந்தால் ஷார்ட் அல்லது ஷாஃப்ட் இறுகியிருக்கிறது. சில நிமிடம் ஓடி விழுந்தால் சுமை அதிகம். ஆர்.சி.சி.பி. விழுந்தால் மின்கசிவு, பெரும்பாலும் மோட்டாருக்குள் ஈரம். பேனலில் எதுவும் விழாமல் மோட்டார் மட்டும் நின்றால், உள்ளே இருக்கும் தெர்மல் புரொடக்டர் வேலை செய்திருக்கிறது. சில நொடியில் நின்றதா, அரை மணி ஓடி நின்றதா என்பதையும் குறியுங்கள். சில நொடி என்றால் ஸ்டார்ட் ஆவதிலேயே கோளாறு. கெபாசிட்டரையும் ஷாஃப்ட்டையும் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் ஓடி நின்றால் காற்றோட்டம், வோல்டேஜ், சுமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

படி 2: காற்று போகிறதா?

மெயினை அணைத்துவிட்டு மோட்டாரின் பின் மூடியைப் பாருங்கள். ஜன்னல் வலை போன்ற அந்தத் துளைகள் வழியாகத்தான் விசிறி காற்றை இழுக்கிறது. தூசி, வேப்பஞ்சருகு, குளவி கட்டிய மண்கூடு, யாரோ காயப்போட்ட துணி என்று அடைக்கப் பல வழிகள் உண்டு. மூடியைக் கழற்றி விசிறியின் இறக்கை உடைந்திருக்கிறதா, ஷாஃப்ட்டில் வழுக்கிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். கூட்டின் மேல் வரிவரியாக இருக்கும் பள்ளங்களில் அழுக்கு அடைந்திருந்தால் தூரிகையால் துடைத்தெடுங்கள். மேலே மேலே பூசிய பெயிண்ட்டும் வெப்பத்தைத் தடுக்கும்.

பிறகு அறையைப் பாருங்கள். தரைக்குக் கீழே குழியில் வைத்த பம்புக்கு, வெளியே தள்ளிய சூடான காற்றே திரும்ப வருகிறது. கீழே ஒரு காற்று வழி, எதிர்ச் சுவரில் மேலே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் என்று அமைத்தால் நிலைமை வெகுவாக மாறும். ஆசிட் கேனையும் குளோரின் டப்பாவையும் பம்பு அறையில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். அவற்றின் புகை செம்பு டெர்மினல்களை அரித்துவிடும். இரண்டும் கலந்தால் எழும் குளோரின் வாயு உயிரையே பறிக்கும்.

படி 3: ஓடும்போது டெர்மினலில் வோல்டேஜ்

மோட்டார் நிற்கும்போது பேனலில் 230 வோல்ட் காட்டுவது எதையும் நிரூபிக்காது. மோட்டார் முழுச் சுமையில் ஓடும்போது, மோட்டாரின் டெர்மினலிலேயே அளக்க வேண்டும். நேம் பிளேட்டில் உள்ளதிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 10 சதவீதத்தைத் தாண்டினால் அங்கேயே காரணம் கிடைத்துவிட்டது. வோல்டேஜ் குறைந்தாலும் பம்பு கேட்கும் வேலை குறையாது. அதனால் மோட்டார் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். நள்ளிரவில் வோல்டேஜ் அளவு மீறி ஏறினாலும் இரும்பு உள்ளகம் சூடாகும். ஆகவே மாலை ஏழு மணிக்கு ஒருமுறை, பின்னிரவில் ஒருமுறை அளப்பது நல்லது.

பேனலில் சரி, மோட்டாரில் குறைவு என்றால் குற்றவாளி கேபிள்தான். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். பேனலிலிருந்து பம்பு 50 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 100 மீட்டர்; 1.2 ஓம். 8 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 10 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் 40 ஆம்பியர் இழுத்தால் இழப்பு 48 வோல்ட். அதனால்தான் மோட்டார் முனகிக்கொண்டு மெதுவாக எழுகிறது. 4 சதுர மி.மீ. கேபிள் போட்டால் ஓடும்போது இழப்பு 4 வோல்ட்டுக்குள் அடங்கும்.

அணைத்தபின் டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். கறுத்த லக், உருகிய உறை, தளர்ந்த நட்டு இருந்தால் வெட்டிப் புது லக் அடித்து இறுக்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பம்பு என்றால் நேம் பிளேட்டைக் கூர்ந்து படியுங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் என்று எழுதிய மோட்டாரை நம் 50 ஹெர்ட்ஸில் அதே வோல்டேஜில் ஓட்டினால் அது சூடாவது இயற்கை. அதை எந்தப் பழுதுபார்ப்பும் சரிசெய்யாது. 115 அல்லது 230 என்று இரு வோல்டேஜ் உள்ள மோட்டாரில் இணைப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் சரிபாருங்கள்.

படி 4: ஆம்பியர்

இதுதான் வழி பிரியும் இடம். டங் டெஸ்டரை ஒரே ஒரு கம்பியில் மாட்டி, பம்பு ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து அளவு எடுங்கள். நேம் பிளேட்டில் 8 ஆம்பியர் என்றிருக்க, 9.2 காட்டுகிறது என்று கொள்வோம். 15 சதவீதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். காயிலில் உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 15 சதவீதம் கூடினால் அந்த வெப்பம் 32 சதவீதம் கூடுகிறது.

ஆம்பியர் அதிகம் என்றால் 5, 6, 7ஆம் படிகளுக்குப் போங்கள். ஆம்பியர் சரியாகவோ குறைவாகவோ இருந்தும் சூடு என்றால், படி 2ஐ மீண்டும் பார்த்துவிட்டு 8ஆம் படிக்குப் போங்கள்.

படி 5: டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள்

ஃபில்டர் அடைத்தால் பம்பு சிரமப்பட்டு அதிக ஆம்பியர் இழுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். குளத்தில் பயன்படும் சென்ட்ரிஃப்யூகல் பம்பில் நடப்பது நேர்மாறு. தண்ணீர் அதிகம் ஓடினால்தான் சுமை அதிகம்; வழி அடைபட்டால் ஆம்பியர் குறையும். குழாய் பெரிது, எதிர்ப்பு குறைவு, பம்பு தேவைக்கு மேல் பெரிது என்றால், அது வடிவமைப்பைத் தாண்டித் தண்ணீரைத் தள்ளி மோட்டாரை வாட்டும்.

பம்பு ஓடும்போது குளத்துக்குத் திரும்பும் குழாயின் வால்வை மெல்ல மெல்ல மூடிக்கொண்டே டங் டெஸ்டரைப் பாருங்கள். ஃபில்டர் தொட்டியில் குறித்த உச்ச அழுத்தத்தைத் தாண்டவிடாதீர்கள். ஓடும்போது மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் தொடவே கூடாது. ஆம்பியர் இறங்கி நேம் பிளேட் அளவுக்குள் வந்துவிட்டால் மோட்டாரில் குறையில்லை. வால்வை அந்த இடத்தில் நிறுத்திக் குறியிடுங்கள். நிரந்தரத் தீர்வு சரியான இம்பெல்லர் அல்லது பம்பு. வால்வைத் திருகியும் ஆம்பியர் அசையாமல் உயர்ந்தே நின்றால் உரசலையோ மின்கோளாறையோ தேடுங்கள்.

படி 6: ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள்

மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு, பின்பக்கம் ஷாஃப்ட்டைச் சுற்றுங்கள். பல மோட்டார்களில் ஸ்க்ரூடிரைவர் நுழையப் பிளவு இருக்கும். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் இம்பெல்லரில் கல், தலைமுடிச் சுருள், உடைந்த கூடைத் துண்டு சிக்கியிருக்கலாம். கரகரவென்றால் பேரிங். ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலும் பேரிங்தான்.

பேரிங் ஏன் போனது என்று கேட்காமல் மாற்றாதீர்கள். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே தரையில் ஈரமோ வெள்ளை உப்புக் கறையோ இருந்தால், மெக்கானிக்கல் சீல் கசிந்து தண்ணீர் முன் பேரிங்கில் ஏறியிருக்கிறது. அப்போது சீலையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பேரிங்கின் எண் அதன் மேலேயே 6203, 6204 என்பதுபோலப் பொறித்திருக்கும். அதே எண்ணில், இருபுறமும் மூடிய வகையை வாங்குங்கள். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் புதியதும் சில வாரங்களில் பழையதாகிவிடும். உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழும்படி ஏற்ற வேண்டும்.

படி 7: கெபாசிட்டரும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சும்

நம்மூர் மெக்கானிக்குகள் கண்டன்சர் என்று சொல்லும் கெபாசிட்டர், சிங்கிள் பேஸ் மோட்டாரின் பலவீனமான உறுப்பு. வலுவிழந்தால் மோட்டார் முனகி, மெதுவாக எழுந்து, சூடாக ஓடும். முழுதும் செத்தால் எழவே எழாது. உறுமிக்கொண்டே பல மடங்கு ஆம்பியர் இழுத்துச் சில நொடியில் நின்றுவிடும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதில் சார்ஜ் தங்கியிருக்கும். காப்பு உள்ள கம்பிகளால் 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் முனைகளில் சில நொடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகே தொடுங்கள். கழற்றி மைக்ரோஃபாரட் அளக்க வேண்டும். மேலே 25 மைக்ரோஃபாரட், கூட்டல் கழித்தல் 5 சதவீதம் என்றிருந்தால் 23.75க்குக் கீழே போனது குறையுள்ளது. உப்பியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்டேஜ். “கொஞ்சம் பெரிசாப் போடலாம்” என்ற யோசனை காயிலைச் சூடாக்கும்.

ஸ்டார்ட் கெபாசிட்டர் உள்ள மோட்டாரில், வேகம் பிடித்ததும் ஸ்டார்ட் காயிலைத் துண்டிக்க ஒரு சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச் உண்டு. மோட்டாரை நிறுத்தி வேகம் தணியும்போது “டிக்” என்று கேட்க வேண்டும். அது ஒட்டிக்கொண்டால் ஸ்டார்ட் காயில் தொடர்ந்து மின்சாரம் வாங்கி விரைவில் கருகும்.

படி 8: ஆம்பியர் சரி, ஆனாலும் சூடு

காற்றோட்டமும் சரியாக இருந்தால் பம்புக்குள் பாருங்கள். வால்வு மூடியோ, தண்ணீர் இறங்கியோ, ஸ்டிரெய்னர் கூடை அடைத்தோ ஓட்டம் நின்றுபோனால், உள்ளே இருக்கும் கொஞ்சத் தண்ணீர் சுழன்று சுழன்று கொதிக்கும். அந்தச் சூடு ஷாஃப்ட் வழியே மோட்டாரின் முன்பக்கம் ஏறும். சீல் கருகும், பி.வி.சி. இணைப்புகள் நெளியும். கூடையைச் சுத்தம் செய்யுங்கள். ஸ்கிம்மர் வாயின் பாதி உயரத்துக்குக் குளத்தில் தண்ணீர் இருக்க வேண்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்தபோது காட்டிய அழுத்தத்தைவிட 0.5 முதல் 0.7 பார் ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள்.

த்ரீ பேஸ் மோட்டார் என்றால்

கெபாசிட்டர் சோதனைக்குப் பதில் மூன்று பேஸ்களுக்கு இடையே வோல்டேஜை அளக்க வேண்டும். 415, 405, 395 என்று வந்தால் சராசரி 405. அதிலிருந்து உச்ச விலகல் 10. சமமின்மை சுமார் 2.5 சதவீதம். அந்த எண்ணை இருமடியாக்கி இரண்டால் பெருக்கினால் வெப்ப உயர்வு எத்தனை சதவீதம் கூடும் என்று தோராயமாகத் தெரியும். இங்கே ஏறத்தாழ 12. ஒரு பேஸ் போய்விட்டால் ஓடும் மோட்டார் நிற்காமல் மீதி இரண்டில் தவித்து ஓடிக் காயிலை எரித்துக்கொள்ளும். சிங்கிள் பேஸ் பிரிவென்டரும், நேம் பிளேட் ஆம்பியருக்குத் திருகி வைத்த ஓவர்லோடு ரிலேயும் இல்லாமல் த்ரீ பேஸ் பம்பை ஓட்டக் கூடாது. கேபிள் மாற்றிய பின் ஓட்டம் குறைந்தால் சுற்றும் திசையைப் பாருங்கள். எதிர்த்திசை என்றால் இரண்டு பேஸை இடம் மாற்றினால் போதும்.

படி 9: கடைசியாகக் காயில்

கம்பிகளைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரால் காயிலுக்கும் கூட்டுக்கும் இடையே அளங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் ஓட்டக் கூடாது. ஈரமானால் உலர்த்தி மீண்டும் அளந்து பார்க்கலாம்.

காயிலின் உண்மையான வெப்பத்தையும் கணக்கிட முடியும். செம்பின் தடை சூட்டோடு ஏறுவதால், ஆறிய நிலையிலும், நன்றாக ஓடி நிறுத்திய உடனேயும் அதே காயிலின் தடையை அளந்தால் போதும். அறை வெப்பத்தோடு 234.5ஐக் கூட்டி, சூடான தடைக்கும் ஆறிய தடைக்கும் உள்ள விகிதத்தால் பெருக்கி, மீண்டும் 234.5ஐக் கழிக்க வேண்டும். 30 டிகிரியில் 2.00 ஓம், சூட்டில் 2.60 ஓம் என்றால்: 264.5ஐ 1.3ஆல் பெருக்கினால் 343.9, கழித்தால் 109 டிகிரி. எஃப் வகுப்புக்கு இது வசதியான இடம். பி வகுப்புக்கு, அறை 45 டிகிரியாகும் நாளில் எல்லையை ஒட்டிய இடம்.

இங்கேயும் குறை தெரிந்தால் மட்டுமே ரீவைண்டிங். கடைக்காரரிடம் பழைய சுற்று எண்ணிக்கை, கம்பி கேஜ், காப்பு வகுப்பு மூன்றையும் எழுதி வாங்குங்கள். சுற்றைக் குறைத்துக் கட்டிய மோட்டார் சுமையில்லாமலே சூடாகும்.

சரிசெய்தபின்

இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, வோல்டேஜ், ஆம்பியர், ஃபில்டர் அழுத்தம், மூன்று இடத்து வெப்பம், அறை வெப்பம் ஆகியவற்றை அரை மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். கடைசி இரண்டு அளவுகளும் ஏறாமல் ஒன்றாக நின்றால் மோட்டார் நிலைக்கு வந்துவிட்டது. அந்தத் தாளை பம்பு அறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை ஆம்பியரையும் அழுத்தத்தையும் அதன் கீழே எழுதும்படி பராமரிப்பவரிடம் சொல்லுங்கள். எதற்காக எழுதுகிறார் என்பதையும் விளக்குங்கள். 7.6 என்று இருந்த ஆம்பியர் வாராவாரம் 7.9, 8.2 என்று ஏறுவதை அவர் கண்டுவிட்டால், பேரிங்கோ கெபாசிட்டரோ மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும். காயில் எரியும் வரை போகாது.